சளிக்கு மூன்று செடிகள்: வடசென்னை மொட்டை மாடியில் தொடங்குவது எப்படி?

மூலிகை என்று தேட ஆரம்பித்தால் நூறு பெயர்கள் வந்து விழும். ஒவ்வொன்றும் நூறு நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்லும். அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். புதியவர்களுக்கு ஓமவல்லி, தூதுவளை, நொச்சி ஆகிய மூன்று போதும். மூன்றுமே சளிக்கும் மூக்கடைப்புக்கும் நம் வீடுகளில் வழிவழியாகப் புழங்குபவை. முதல் இரண்டும் சமையலுக்கும் ஆகும் என்பதால் அளவு சற்று முன்பின் ஆனாலும் பயமில்லை. நொச்சியை உள்ளுக்குச் சாப்பிடப் போவதில்லை, ஆவி பிடிக்க மட்டும்தான்.

முதல் படி: தெருவோரம் பறிக்காதீர்கள்

மழை விட்டதும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் செடிகள் தளதளவென்று கிளம்பும். கை நீளத்தான் செய்யும். "கழுவினால் போச்சு" என்பார்கள். கண்டெய்னர் லாரிகள் கிளப்பிய தூசு வேண்டுமானால் கழுவினால் போகும். சாக்கடை நீரைக் குடித்து வளர்ந்த செடிக்குள் இருப்பது எப்படிப் போகும்? தொட்டியில் வளர்ப்பதே நல்லது.

இரண்டாம் படி: அடையாளம் பார்த்தல்

ஓமவல்லியைக் கற்பூரவள்ளி என்றும் சொல்வோம். தடித்த, மெத்தென்ற, ஓரம் பல் பல்லாக வெட்டிய இலை. கசக்கினால் ஓம வாசனை தூக்கும். வாசனை இல்லையென்றால் அது வேறு ஏதோ அழகுச் செடி.

தூதுவளையில்தான் குழப்பம் வரும். கண்டங்கத்தரியும் கத்தரிக் குடும்பம்தான். அதற்கும் ஊதாப்பூ, அதற்கும் முள். ஆனால் கண்டங்கத்தரி தரையோடு படரும், பழம் மஞ்சள். தூதுவளை பற்றி ஏறும், முள் கொக்கிபோல் வளைந்திருக்கும், பழம் சிவப்பு. பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழம் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது கீரை விற்கும் அம்மாவிடம் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டலாம். செல்போனில் எடுத்த படத்தை நம்புவதைவிட அது மேல்.

நொச்சிக்கு ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல்களாக விரியும். மேலே பச்சை, அடியில் சாம்பல் பூத்த நிறம், காரமான நெடி.

மூன்றாம் படி: நடுதல்

ஓமவல்லிக்கு விதை தேட வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு சாண் நீளக் கொம்பு கேளுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் ஊன்றி, உச்சி வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

தூதுவளையை முற்றிய தண்டிலிருந்தோ பழுத்த விதையிலிருந்தோ வளர்க்கலாம். ஏறுவதற்குக் கம்போ வலையோ கட்டிக் கொடுங்கள்; துணி காய்கிற கொடிக்கு அருகில் வைத்தால் புடவை கிழியும். நொச்சி மரமாக வளரக்கூடியது என்பதால் பழைய டிரம்மில் வைத்து அடிக்கடி வெட்டிவிட வேண்டும். இடம் இல்லாதவர்கள் விட்டுவிடுங்கள், இலையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

திருவொற்றியூர், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மெட்ரோ தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்றுங்கள்.

நான்காம் படி: பயன்படுத்துதல்

ஓமவல்லிக் கஷாயம்: ஐந்து இலை, தட்டிய மிளகு நான்கு, சிட்டிகை சீரகம். இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். தேன் சேர்ப்பதாக இருந்தால் வெதுவெதுப்பான பிறகு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மீந்த இலைகளைக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடுங்கள். மருந்து என்றால் ஓடுகிற பிள்ளைகளும் அதற்கு வரிசையில் நிற்பார்கள்.

தூதுவளை ரசம்: ஒரு கைப்பிடி இலை. இலையின் முதுகிலும் முள் இருக்கும், கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள். நெய்யில் சுருள வதக்கி, மிளகு, சீரகம், பூண்டோடு அரைத்து, கரைத்த புளித்தண்ணீரில் சேர்த்து, நுரை கட்டும்போது இறக்குங்கள். கொதிக்கவிட்டால் ரசம் கெட்டது. எனக்குத் துவையலைவிட ரசமே பிடிக்கும், தொண்டைக்கு இதம்.

நொச்சி ஆவி: கொதிக்கும் நீரில் இரண்டு கைப்பிடி இலை, கொஞ்சம் மஞ்சள்தூள். அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத மேசைமேல் வைத்து, துண்டால் மூடி ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிடிக்காதீர்கள். கொதிநீர் கவிழ்ந்து வெந்து போகிற விபத்து இப்படித்தான் நடக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆவி சில நேரம் மூச்சை இன்னும் இறுக்கும்.

எங்கே நிறுத்த வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை ஓரம் கட்டிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் அங்கே இலவசம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு வீட்டிலேயே கிடப்பதும் வேண்டாம், காமாலைக்குப் பல காரணங்கள் உண்டு. ஆடாதோடை இருமலுக்குப் பேர்போனது, ஆனால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் தொடக் கூடாது. சர்க்கரைக்கோ இரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை எடுப்பவர்கள், எந்த மூலிகையையும் தினசரி வழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சித்த மருத்துவரையே பார்க்க விரும்பினால் அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனையும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன.

உலர்ந்த சரக்கு வாங்க

பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதே தெருவில்தான் கந்தகோட்டம் முருகன் கோயில். அந்த முருகனைப் பாடிய வள்ளலார், கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் உணவில் சேர்க்கச் சொன்னவர். கடையில் பொடியைக் கேட்காதீர்கள், முழு இலையாகக் கேளுங்கள். பொடியில் என்ன கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த தூதுவளை இலையில் முள்ளாவது மிஞ்சியிருக்கும். வீட்டுச் செடியைக் காயவைப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் முயலாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பங்குனிக்கு மேல் நிழலில் உலர்த்தி, கையால் நொறுக்கினால் சரசரவென்று உடைகிற பதத்தில் பாட்டிலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். ஓமவல்லியை மட்டும் காயவைக்க மெனக்கெட வேண்டாம். இலை முழுக்க நீர், எளிதில் காயாது. செடியில்தான் எப்போதும் இருக்கிறதே.