ஊர்ப்பணத்தில் ஊருணியைத் தூர்வார: தீர்மானம் முதல் பராமரிப்பு நிதி வரை

தூர்ந்துபோன ஊருணியை மீட்க ஊர் கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. வாட்ஸ்அப் குழு, வெளியூர்க்காரர்களிடம் வசூல், ஹிட்டாச்சி. பத்து நாளில் ஊருணி பளிச்சென்று ஆகிவிடும். மூன்றாம் வருடம் வரத்துக்கால் அடைத்து, சீமைக்கருவேலம் முளைத்து, பழைய நிலைக்கே போய்விடும். அடுத்த முறை வசூலுக்குப் போனால் கதவு திறக்காது. அங்கே இல்லாமல் போனது பணம் அல்ல. கணக்கு ஊருக்குத் தெரியவில்லை, பின்னால் பார்த்துக்கொள்ள ஆளும் காசும் ஒதுக்கவில்லை. இந்த இரண்டும் இருந்தால் ஊருணிக்காகக் கூடிய குழுவே நாளை பள்ளிக்கும் நூலகத்துக்கும் நிற்கும்.

இதில் நமக்கு நல்ல முன்னோடி உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் போடவே தகுதியற்றவர்கள். இன்றைய அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதவேண்டிய முதல் நிபந்தனையும் இதுவே.

இடம் யாருடையது என்று பாருங்கள்

கிராம ஊருணியும் குட்டையும் பொதுவாக ஊராட்சியின் பொறுப்பு. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள பாசனக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையிடமும் இருக்கும். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் சர்வே எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புல வரைபடம் எடுத்து, ஊருணியோடு வரத்துக்கால், போக்குக்கால் ஆகியவற்றின் சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் ஆக்கிரமிப்பு வரத்துக்காலில்தான் இருக்கும். நில அளவர் வந்து எல்லைக்கல் காட்டும் முன் எந்திரத்தை இறக்கினால், முதல் நாளே யாராவது "இது என் பட்டா" என்று நிற்பார், வேலை நின்றுவிடும்.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடியவேண்டும் என்றால் ஜனவரி 26 கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுவது நல்லது. அளவு, அனுமதி, வசூல் எல்லாம் சேர்ந்து நாலைந்து மாதம் தின்றுவிடும். மே 1 தீர்மானத்தை நம்பி இறங்கினால் ஆவணியில் அவசர அவசரமாகத் தோண்டவேண்டி வரும். தீர்மானத்தில் சர்வே எண், எத்தனை அடி ஆழம், செலவு யாருடையது, எடுக்கும் மண் எங்கே போகிறது என்ற நான்கும் தெளிவாக இருக்கவேண்டும். "நீர்நிலையைச் சீரமைக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி எந்த அலுவலகத்திலும் உதவாது.

புதிய அறக்கட்டளை தேவையா?

ஒரே ஒரு வேலைக்காக அறக்கட்டளை தொடங்காதீர்கள். ஆண்டுதோறும் தணிக்கை, வரிக்கணக்கு என்று அதற்கே ஒருவர் வேண்டும். ஒரு வேலைதான் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் போதும். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த, மீதியை அரசு தரும். பாதியோ அதற்கு மேலோ மக்கள் பங்கு என்றால் வேலையை நாங்களே செய்கிறோம் என்று கேட்கலாம். மாவட்ட ஆட்சியரின் நிர்வாக ஒப்புதல் கையில் வருமுன் ஒரு கூடை மண்ணும் எடுக்காதீர்கள். முடிந்த வேலையைக் காட்டிப் பின்னால் பணம் கேட்க முடியாது.

ஊருணி, பள்ளிக் கழிப்பறை, நூலகம் என்று தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் அமைப்பு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி சங்கம் என்றால் குறைந்தது ஏழு பேர், ஆண்டுப் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டறிக்கை எல்லாம் உண்டு. அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் ஆயிற்று. நடத்த அறக்கட்டளை எளிது. ஆனால் அறங்காவலர்கள் தங்களுக்குள்ளேயே முடிவெடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அதில்தான் அதிகம். ஆகவே பத்திரத்திலேயே கட்டுப்பாடு போடுங்கள்.

ஏழு அறங்காவலர்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மேல் வேண்டாம். குறைந்தது இரண்டு பெண்கள். ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும், காலனியிலிருந்தும் ஆள் இருக்கவேண்டும், அதுவும் கையெழுத்து அதிகாரத்தோடு. காலனி மக்களுக்குத் தண்ணீர் எடுக்க உரிமை இல்லாத ஊருணியை ஊர்ப்பணத்தில் மீட்பது தருமம் ஆகாது. அந்தப் பேச்சை வசூலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு, கணக்கு ஒப்படைக்காதவர் மறுபடி வரமுடியாது, காசோலையில் மூவரில் இருவர் கையெழுத்து, அறக்கட்டளை கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பொது அறக்கட்டளைக்குப் போகும், பயன் சாதி மத வேறுபாடின்றி எல்லோருக்கும் என்ற வரிகள் கட்டாயம். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் வரிச்சலுகைப் பதிவில் சிக்கல் வரும்.

பத்திரம் பதிந்ததும் அறக்கட்டளை பெயரில் பான், வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரித்துறையில் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு) பதிவு. புதிய அமைப்புக்கு முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். பணி தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். இதைத் தவறவிடும் சிறு அறக்கட்டளைகள் ஏராளம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையாகும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதால் படிவம் நிரப்புமுன் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வசூல்

தனி ஆளின் ஜிபே எண்ணில் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கணக்கில் வந்த பணம் அவர் பணமாகத்தான் தெரியும். அறக்கட்டளைக் கணக்கோடு இணைந்த க்யூஆர் அட்டை, வரிசை எண் அச்சிட்ட இரட்டைப் பிரதி ரசீதுப் புத்தகம் இரண்டும் போதும். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

நன்கொடையாளரிடம் மூன்று விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 80ஜி கழிவு பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்குத்தான், அதுவும் பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. டீசலாகவோ எந்திர வாடகையாகவோ கொடுத்தாலும் இல்லை, அது பணத்துக்கு மட்டுமே. கழிவு கேட்பவரின் பான் எண்ணை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மே 31க்குள் நன்கொடை விவரத்தைத் துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அவருக்குச் சான்றிதழ் போகும். மார்ச் மாதம் ஊர் ஊராய்ப் பான் எண் கேட்டு அலைவது வீண் வேலை.

வெளிநாட்டுப் பணத்தில் பலர் அறியாமல் சட்டத்தை மீறுகிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருப்பது கணக்கில்லை. அதற்குத் தனிப் பதிவும், டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பதிவு இல்லாத அமைப்பு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. பணம் அனுப்புமுன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தோண்டும் கணக்கு

ஒரு ஏக்கரில் ஓர் அடி மண் என்பது 43,560 கன அடி, அதாவது 436 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) அல்லது 1,233 கனமீட்டர். தண்ணீராக அது 12.33 லட்சம் லிட்டர். இரண்டு ஏக்கர் ஊருணியில் சராசரி மூன்றடி வண்டல் என்று வைப்போம். 7,400 கனமீட்டர். தோண்டியதும் மண் இளகி உப்பி நாலில் ஒரு பங்கு கூடும், ஆக லாரியில் ஏறுவது சுமார் 9,250 கனமீட்டர். வாடகைத் தகராறில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. குழு தரையில் அளந்த கணக்கைச் சொல்லும், லாரிக்காரர் நடை கணக்கைச் சொல்வார், இரண்டும் சரியாகவே இருக்கும். எந்த அளவில் பணம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

20 டன் ஹிட்டாச்சி ஈர வண்டலை அள்ளி ஏற்றும்போது மணிக்கு 80 முதல் 100 கனமீட்டர் எடுக்கும். மேற்சொன்ன ஊருணிக்கு நூறு மணி நேரத்துக்குச் சற்று மேல், எட்டு மணி நேர வேலை என்றால் பதின்மூன்று நாள். டீசல் மணிக்கு 12 முதல் 16 லிட்டர். மூன்று யூனிட் டிப்பரில் ஏறத்தாழ 1,100 நடை. ஒரு நாளைக்கு ஒரு வண்டி எட்டொன்பது நடை அடித்தால் பத்து வண்டி வேண்டும். வண்டி குறைந்தால் எந்திரம் நிற்கும், நிற்கும் நேரத்துக்கும் வாடகை ஓடும். கூடுதல் பணம் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

மண்ணுக்கு உழவர்களையே முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால் லாரிச் செலவில் பெரும்பகுதி மிச்சம். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நீர்நிலை வண்டலைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டத்துக்கு 60 என்பது அளவு. நம் கணக்குக்கு நூறு முதல் 120 ஏக்கர் வரை நிலம் வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு லோடு செங்கல் சூளைக்குப் போனாலும் கனிமத் திருட்டு வழக்கு அறக்கட்டளை மேல்தான் விழும். மண் விற்பனை ஒருபோதும் வேண்டாம்.

முதல் வேலை வரத்துக்கால். அது திறக்காமல் உள்ளே எத்தனை அடி தோண்டினாலும் வெறும் பள்ளம்தான். அதில் தெருச் சாக்கடை கலந்தால் உறிஞ்சு குழிக்கு ஊராட்சியைச் சம்மதிக்கவைத்த பிறகே உள்ளே இறங்குங்கள்.

ஆழத்தை முடிவு செய்ய ஆறு இடங்களில் சோதனைக் குழி போடுங்கள். கருத்த, வெடிப்பு விழுந்த வண்டல் எங்கே முடிந்து இறுகிய களி தொடங்குகிறது என்று பார்த்து, அந்தக் களியின் மேல் அரை அடி விட்டு நிறுத்திவிடுங்கள். "இன்னும் ரெண்டடி போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். களியைக் கிழித்துச் சரளைக்கோ மணலுக்கோ போய்விட்டால் தண்ணீர் கார்த்திகையில் நிறைந்து தை மாதமே வற்றிவிடும். குடிக்கப் பயன்படும் ஊருணியில் அந்தச் சேதத்தைச் சரிசெய்வது தோண்டியதைவிடச் செலவு. கரையின் அடியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளியே தோண்டி, உட்சரிவை ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம் என்று சாய்த்துவிடுங்கள். செங்குத்தாக வெட்டிய கரை முதல் மழையிலேயே சரியும். குழந்தைகள் இறங்கினால் ஏறவும் முடியாது.

உபரிநீர் வழியும் கலங்கலின் உயரத்தைப் பொறியாளர் இல்லாமல் ஒரு செங்கல்கூட உயர்த்தாதீர்கள். மேலே உள்ள வயல் மூழ்கும், கீழே சங்கிலியில் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் குறையும். பக்கத்து ஊரோடு பகை வர அது போதும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கவேண்டும். ஆனால் மரம் ஊராட்சியின் சொத்து, ஏலம் முடியாமல் விறகுக்குக்கூட எடுத்துப் போகக்கூடாது.

தினம் காலையும் மாலையும் எந்திரத்தின் ஹவர் மீட்டரைப் படம் எடுங்கள். நடைக்கு ஒரு கூப்பன், பாதி ஓட்டுநரிடம், பாதி குழுவிடம். ஊருணிக்குள் நாலைந்து இடத்தில் மண்தூணைத் தோண்டாமல் விட்டுவையுங்கள், கடைசியில் ஆழத்தை அதில் அளந்துவிட்டு எடுத்துவிடலாம். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கணக்கில் அது செலவாக ஏறாது, ஆகவே எந்திரக்காரருக்கு வங்கி வழியாகவே கொடுங்கள், டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கவேண்டிய தொகையா என்றும் பாருங்கள்.

கணக்குப் பலகை

வேலை நடக்கும்போதே கரையில் ஒரு பலகை வேண்டும். வரவு, செலவு, எந்திர மணி, நடை எண்ணிக்கை, கையிருப்பு என ஐந்தே வரி, வாரம் ஒருமுறை மாற்றி எழுதவேண்டும். நூறு ரூபாய் கொடுத்தவரும் ஒரு லட்சம் கொடுத்தவரும் ஒரே பட்டியலில், தேதி வரிசையில் வரட்டும். வேலை முடிந்தபின் வரும் முதல் கிராம சபையில் வவுச்சர் கோப்போடு கணக்கைப் படித்து, நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

பின்னால் பார்ப்பது யார்?

வசூலில் 15 சதவீதத்தைத் தொடக்கத்திலேயே பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். முடிந்தபின் மிச்சத்தை ஒதுக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பாசன விவசாயிகள் சங்கங்கள் வழியாகக் கண்மாய்ப் பணிகளைச் செய்து, அந்தந்தக் கண்மாய்க்கே பராமரிப்பு மூலதனம் சேர்க்கும் வழியைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறது. சிறு ஊருக்கும் அது பொருந்தும். கொடுப்பவர் "இது மூலநிதிக்கு" என்று எழுதிக் கொடுத்தால் தனிக்கணக்கில் வைத்து வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். வட்டியை மட்டும் செலவழியுங்கள்.

அந்த வட்டியில் ஆண்டுக்கு நான்கு வேலை. ஆடியில் வரத்துக்காலைச் செதுக்குவது. ஆவணி, புரட்டாசியில் கரையின் வெளிப்புறம் பத்தடிக்கு ஒன்றாகப் பனைவிதை ஊன்றி, உட்சரிவில் வெட்டிவேர் வைப்பது. கார்த்திகை மழை நடுவில் கரையில் எலிவளை, கசிவு பார்ப்பது. சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் முளைத்த கருவேலங்கன்றுகளைக் கையால் பிடுங்குவது. கன்றாக இருக்கும்போது நாலு பேருக்கு அரைநாள் வேலை, இரண்டு வருடம் விட்டால் மறுபடி ஹிட்டாச்சி. நான்கு வேலைக்கும் பொறுப்பானவரின் பெயரைக் கணக்குப் பலகையின் கீழேயே எழுதி, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வேறொரு தெருவுக்கு மாற்றிக் கொடுங்கள்.