அலியான்ஸ் பிரான்சேஸில் சேருமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் வகுப்பு முடித்ததற்குத் தரும் சான்றிதழ் வேறு, டெல்ஃப் வேறு. பணமும் மாதங்களும் வீணாவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். டெல்ஃப் என்பது பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வழங்கும் பட்டயம். அதற்குத் தனியாகப் பதிந்து, தனிக் கட்டணம் கட்டித் தேர்வு எழுதவேண்டும். பிரான்சில் பிரெஞ்சு வழியில் இளங்கலை படிக்கப் பெரும்பாலும் பி2 (ஏ1-இல் தொடங்கும் ஆறு மொழித்திறன் நிலைகளில் நான்காவது) கேட்பார்கள். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கோ டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வு வேண்டும். டெல்ஃபுக்குக் காலாவதி இல்லை, இவை இரண்டும் 2 ஆண்டுதான். அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதினால், விண்ணப்பிக்கும் நேரத்தில் தாள் செத்துப்போயிருக்கும். எதற்காகப் படிக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுச் சேருங்கள்.

ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக எல்லாத் தேர்வையும் எழுதியாக வேண்டும் என்றொரு நம்பிக்கை உண்டு. தேவையில்லை. ஒவ்வொரு நிலையும் தனித்தனி. பி1 தரத்துக்கு வந்துவிட்டால் நேராக அதையே எழுதலாம். படிப்பில் மட்டும் இப்படித் தாவ முடியாது. தொடக்கத்திலிருந்து பி2 வரை வர 500 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்பவரிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் 5-க்குக் கீழே போனால், மொத்தம் 70 வந்தாலும் தோல்விதான். இலக்கணப் புத்தகத்தையே கட்டிக்கொண்டு அழுபவர்கள் கேட்டலில் விழுவது இதனால்தான்.

எண்களைப் பாருங்கள். பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 72 என்பதை ‘அறுபது-பன்னிரண்டு’ என்பார்கள். ‘அறுபது’ காதில் விழுந்ததும் பேனா 6-ஐப் போட்டுவிடும். ‘பன்னிரண்டு’ வரும்போது கை திணறும். 92 இன்னும் மோசம்: ‘நான்கு-இருபது-பன்னிரண்டு’. ஜோடி முழுக்க வரும்வரை எழுதாமல் காத்திருக்கும் பழக்கம் வேண்டும்.

உச்சரிப்பில் நமக்கென்று சில குழிகள் உண்டு. ‘புவாஸோன்’ என்றால் மீன். நடுவில் உள்ள ‘ஸ’ அழுத்தம் குறைந்து, தேனீ ரீங்கரிப்பது போல ஒலித்தால் அது நஞ்சு. முதலெழுத்தை ‘பம்பரம்’ போல் அல்லாமல் ‘பஸ்’ போல் சொன்னால் பானம். மேலே, கீழே என்பதற்கான பிரெஞ்சுச் சொற்கள் இரண்டும் நம் வாயில் ‘தெஸு’ என்றே வரும். மேலே என்று சொல்ல, நாக்கை ‘ஈ’ சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவிக்கவேண்டும். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தால் இந்த வேறுபாடெல்லாம் காணாமல் போகும்.

எழுத்துப் பகுதியில் பி1-க்குக் குறைந்தது 160 சொற்கள், பி2-க்கு 250. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் ஒரே சொல். சிறுகோட்டால் இணைத்த ‘அவான்-தியேர்’ (முந்தாநாள்) ஒன்றுதான், இரண்டல்ல. இதை இரண்டிரண்டாக எண்ணிக் கணக்கில் குறைந்துபோகிறவர்கள் உண்டு.

புதுச்சேரியில் இன்னொரு குழப்பம். அங்குள்ள பிரெஞ்சு நிறுவனம் (பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்) 1955-இல் தொடங்கிய ஆய்வு மையம். சைவ ஓலைச்சுவடிகளுக்குப் பேர்போனது. மொழி வகுப்புக்கு அலியான்ஸுக்குத்தான் போகவேண்டும்.

தேர்வுக்குப் பதியும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். குமார்’, கடவுச்சீட்டில் எஸ் விரிந்து தந்தை பெயராகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பட்டயம் அச்சாகி வந்தபின் திருத்த அலைவதைவிட, படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடலாம்.