கிராமத்துப் பெரியவர்களுக்கு ஒரு வாரக் கூடல்: தொடங்கும் முறையும் தொடரும் முறையும்

மேலூர் வட்டாரத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் எங்கள் ஊரில், அறுபது வயதைக் கடந்தவர்களுக்காக வியாழக்கிழமைதோறும் ஒரு கூடல் நடத்தி வருகிறோம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் அதன் பொறுப்பாளர்களில் ஒருவன். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தை நாங்கள் தவறான முறையில்தான் தொடங்கினோம். ஒலிபெருக்கி கட்டி, மேடையில் நாற்காலி போட்டு, வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துச் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச வைத்தோம். அன்று ஊர் மந்தைத் திடல் நிறைந்திருந்தது. அடுத்த வாரம் பாதிப் பேர்கூட வரவில்லை. மூன்றாவது வாரம் விரல்விட்டு எண்ணும்படி சிலரே வந்தார்கள். வராமல் போன ஒரு மூதாட்டியை வழியில் பார்த்துக் காரணம் கேட்டபோது, "நான் வந்து என்ன ஆகப்போகுது வாத்தியாரே? நீங்க பேசுறதக் கேக்க நாலு பேரு இருந்தாப் போதாதா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு ஒரு காரியம் நின்றுபோகும் என்ற நிலை இருந்தால்தான் அவர் வருவார்; உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும் அழைத்தால் மரியாதைக்காக ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கூடலின் ஒவ்வொரு ஏற்பாட்டையும் செய்ய வேண்டும்.

யாரை அழைப்பது, எங்கே கூடுவது

ஓய்வு பெற்றவர் என்றதும் பென்ஷன் வாங்குபவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். கிராமத்தில் அப்படிப்பட்டவர்கள் சிலர்தான் இருப்பார்கள்: ஓர் ஆசிரியர், ஒரு நடத்துநர், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர். மற்றவர்கள் சம்சாரிகள் எனப்படும் விவசாயிகள், கூலி வேலை பார்த்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள். இவர்களுக்கு ஓய்வு என்று ஒரு நாள் குறித்துச் சொல்லப்படுவதில்லை. உடம்பு ஒத்துழைக்காத அன்றுதான் வேலையை விடுகிறார்கள். பெண்களுக்கு அதுவும் இல்லை, பேரப்பிள்ளைகளும் மாடும் அடுப்பும் அவர்களைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே அழைப்பு வாசகத்தில் 'ஓய்வு பெற்றோர்' என்று எழுதாமல், 'அறுபது வயது கடந்த அனைவரும்' என்று எழுதுங்கள். எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சாவடியோ கோயில் மண்டபமோ வசதியாகத் தோன்றலாம். ஆனால் எந்தத் தெருக்காரர்கள் அங்கே உரிமையோடு ஏறி உட்காருவார்கள், எந்தத் தெருக்காரர்கள் தயங்கி நிற்பார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஒரு தெருவாவது தயங்கும் இடம் என்றால் அந்த இடம் வேண்டாம். பள்ளிக்கூடம், ஊர்ப்புற நூலகம், கிராம சேவை மையம் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. தலைமை ஆசிரியரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, படியில் கைப்பிடி உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள். அதைக் காரணமாக வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

உட்காரும் முறையும் இதைச் சேர்ந்ததே. பென்ஷன்காரர்கள் நாற்காலியிலும் மற்றவர்கள் தரையிலும் உட்காரும் வழக்கம் தானாகவே வந்துவிடும். முதல் நாளிலேயே அதைத் தடுக்காவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். எல்லோருக்கும் ஜமுக்காளம் விரித்து, முழங்கால் வலி உள்ளவர் யாராக இருந்தாலும் அவருக்கு மட்டும் நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். காது மந்தமானவர்களை நடுவில் உட்கார வைத்து மற்றவர்கள் சுற்றி அமர்ந்தால், ஒலிபெருக்கியே தேவைப்படாது.

நேரத்தைப் பொறுத்தவரை, எங்களுக்கு மாலை மூன்று மணி முதல் நாலரை மணி வரை ஒத்துவருகிறது. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் நேரம் இன்னும் வந்திருக்காது. பள்ளி விட்டதும் பேரப்பிள்ளைகள் நேராக அங்கேயே வந்துவிடலாம். எங்கள் பகுதி ஒருபோக நிலம் என்பதால் நடவு நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும், அறுவடை நடக்கும் தை, மாசியிலும் வருகை குறையும். அதற்காகக் கூடலை நிறுத்திவிடாமல், வருகிறவர்களை வைத்து நடத்துங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் விடுமுறை விட்டுவிடலாம். அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரில் யார் இருப்பார்கள்?

கேட்பதே முதல் வேலை

முதல் இரண்டு மாதங்களுக்கு எதையும் கற்பிக்க முயலாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். எங்கள் கூடல் உயிர் பெற்றது ஒரு கோலப்பொடிப் பொட்டலத்தால்தான். பல ஆண்டுகள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்த ஒரு பெரியவரிடம், எந்த மடை எந்த வயலுக்குப் பாயும் என்று கேட்டேன். வாயால் சொல்லத் திணறியவர் கோலப்பொடியை வாங்கி, வகுப்பறைத் தரையில் அரிவாள் போல் வளைந்த ஒரு கோட்டை இழுத்தார். அது கரை. பிறகு வடகோடியில், மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கை வைத்தார். மடைகளுக்கு ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். புள்ளிகளிலிருந்து வாய்க்கால்களைப் பிரித்துக்கொண்டே போனார். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஓர் அப்பத்தா எழுந்து வந்து, "இந்த மடைக்குக் கீழதானப்பா நாத்தங்கால் கெடந்துச்சு, அதை விட்டுட்டியே" என்று குனிந்து தன் விரலாலேயே ஒரு கட்டம் வரைந்தார். இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். அன்று நாலரை மணிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தைச் சார்ட் தாளில் வரைந்தபோது, பெரியவர்கள் பக்கத்தில் நின்று திருத்தினார்கள்.

உங்கள் ஊரிலும் கேட்பதற்கு இப்படி ஏராளமாக இருக்கும். இப்போது பயிரிடாத நெல் வகைகளின் பெயர்கள், மாட்டு வைத்தியம், ஊர்க்காடுகளின் பெயர்கள், நடவுப் பாட்டு, தாலாட்டு என்று ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, சொல்பவரின் சம்மதத்தோடு கைபேசியில் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு முன் அவர் பெயரையும் தேதியையும் உரக்கச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டுக்குப் பின் எது யாருடையது என்று தெரியாது. ஒப்பாரியை மட்டும் வற்புறுத்திக் கேட்காதீர்கள். சாவு இல்லாத இடத்தில் அதைப் பாடக்கூடாது என்று எண்ணுபவர்கள் பலர். அந்த எண்ணத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

கற்றுக்கொள்ளும் பகுதி

கேட்பது பழகிய பின் கற்றல் எளிதாக வரும். எழுத்தறியாத பெண்களுக்கு 'அ, ஆ' என்று தொடங்க வேண்டாம். தங்கள் பெயரிலிருந்தும் பேருந்துப் பலகையிலிருந்தும் தொடங்கட்டும். 'மேலூர்', 'மாட்டுத்தாவணி', 'பெரியார்', 'ஆரப்பாளையம்' ஆகிய நான்கு சொற்களை அட்டையில் பெரிதாக எழுதி, தள்ளி நின்று காட்டுங்கள். அடுத்தவரிடம் கேட்காமல் தானே பேருந்தைக் கண்டுபிடித்து ஏறும் பெண்ணுக்கு, மீதி எழுத்துகளைக் கற்றுக்கொள்ளும் ஆசை தானாக வரும்.

எழுத்து தெரியவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் கண்தான் தெரிவதில்லை. ஆகவே வகுப்புக்கு முன் ஒரு கண் பரிசோதனை முகாம் வைப்பது நல்லது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் முகாம்கள் நடத்துகிறது. இடமும் ஆள் திரட்டும் பொறுப்பும் நம்முடையவை. அந்த மருத்துவமனையே, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது என்பதை எங்கள் கூடலில் நான் அடிக்கடி சொல்வதுண்டு.

கைபேசி வகுப்புக்கு ஒரே ஒரு விதிதான்: அவர் கையிலுள்ள கைபேசியை நாம் வாங்கக்கூடாது. வாங்கி நாமே செய்து காட்டினால் அவருக்கு எதுவும் பதியாது. ஒரு நாளைக்கு ஒரே காரியம்: பேரனுக்குக் குரல் செய்தி அனுப்புவது ஒரு வாரம், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் தொகையைப் பார்ப்பது அடுத்த வாரம். நாற்று நட்டும் களையெடுத்தும் காய்ந்து தேய்ந்த விரல்களுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று அவர்கள் வெட்கப்படுவார்கள். ஈரத் துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் போவதற்கும் இதே தேய்மானம்தான் காரணம் என்று விளக்கினால், பல நாள் மனக்குறை ஒன்று தீரும்.

பண மோசடி பற்றித் தனியே ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓடிபி எண்ணைக் கேட்பவர் வங்கி மேலாளர் என்றாலும் போலீஸ் என்றாலும் சொல்லக்கூடாது. பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதியோருக்கான உதவி எண் 14567. இந்த இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றிதழைத் தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

சட்டம் பற்றி ஒன்றையாவது அவசியம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொத்தைத் தானமாகக் கொடுத்துத் தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதும்போது, எழுதிக் கொடுப்பவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சேர்த்திருந்து பிள்ளைகள் பராமரிக்கத் தவறினால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். இதைச் சொல்லும் நாளில் யாருடைய வீட்டு விவகாரத்தையும் சபையில் எடுக்க விடாதீர்கள். தனியே கேட்க விரும்புபவர் கூடல் முடிந்த பின் வருவார்.

விளையாட்டு, பயணம், செலவு

விளையாட்டுக்கு நாம் எதையும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தரையில் கோடு கிழித்தால் மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் உரிய காய்களை அவர்களே பொறுக்கிக்கொண்டு வந்து ஆடுபுலி ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். தாயமும் பல்லாங்குழியும் அப்படித்தான். பேரப்பிள்ளைகளை எதிரே உட்கார வைத்தால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியே அழைத்துச் செல்லுங்கள். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகமும் எங்கள் முதல் தேர்வுகள். காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில்தான் என்பதை முந்திய வாரமே பேசிவிட்டுப் போனால் பார்வை வேறாக இருக்கும். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகும்போது எழுதப் படிக்கக் கற்றுவரும் பெண்களை முன்னால் விடுங்கள். பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறப்பட்ட பெயரைப் பார்த்து, "நாங்களும் இப்பத்தான் எங்க பேர எழுதுறோம்" என்று ஒருவர் சொன்னார். மாங்குளம் மலையிலுள்ள, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள் எங்களுக்கு அருகில்தான் என்றாலும், ஏற்றம் இருப்பதால் முழங்கால் நன்றாக உள்ளவர்களை மட்டுமே அழைத்துப் போகிறோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வேன் பிடிக்காமலே பல இடங்களுக்குப் போய்வரலாம். மாத்திரை, தண்ணீர், வீட்டார் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

செலவுக்குப் பெரிய தொகை தேவையில்லை. சுக்குமல்லிக் காபியும் அவித்த தட்டைப்பயறும் போதும். சீனி சேர்க்காத காபியைத் தனியே வையுங்கள். விரும்பியவர் விரும்பியதை உண்டியலில் போடட்டும். வரவு செலவைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். கட்சிக்காரர்கள் பணமோ நாற்காலியோ தர முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுவது நல்லது. விளக்கு, கைப்பிடி, கழிப்பறை போன்றவற்றுக்கு ஊராட்சியை நாடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடும் கிராம சபையில் பெரியவர்கள் சேர்ந்து போய் மனுக் கொடுத்தால், அதைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல.

வருகையைக் குறிக்க ஒரு நோட்டு வைத்திருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஒருவர் வரவில்லை என்றால், அவர் வீட்டுக்கு ஓர் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த வேலையையும் கூடலில் உள்ளவர்களுக்கே முறை வைத்துக் கொடுங்கள். பொறுப்பாளர் போவதைவிட, ஒத்த வயதுடைய சோட்டாள் போனால்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இந்த வயதினர் கூடும் இடத்தில் இறப்பும் வரத்தான் செய்யும். அந்த வாரம் கூடலை ரத்து செய்ய வேண்டாம். எல்லோரும் சேர்ந்து இறந்தவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம். அவருடைய குரல் பதிவு இருந்தால், பிள்ளைகள் கேட்கும்போது கொடுங்கள், நாமாகப் போட்டுக் காட்ட வேண்டாம். கருமாதி முடிந்து வீட்டில் உறவினர் கலைந்த பிறகு, அவர் மனைவியையோ கணவரையோ இரண்டு பேர் நேரில் போய் அழைத்து வர வேண்டும். ஒருமுறை அழைத்து வராவிட்டால் மறுவாரமும் போங்கள். அழைக்காமல் அவர்களாக வரமாட்டார்கள்.