கிணற்று நீரை அளக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருகோணமலைக் கரையோரத்து நிலாவெளியில் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றேன். நிலத்தடி நீர் ஆய்வுக்கு வந்திருந்த இரண்டு இளம் பிள்ளைகள் நாடாவை இறக்கினார்கள். நுனி தண்ணீரைத் தொட்டதும் மீற்றர் கூவியது. "மூன்று தசம் இரண்டு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கொப்பியில் எழுதினார். எங்கிருந்து மூன்று தசம் இரண்டு? அதை இருவரும் எழுதவில்லை. அவர்கள் வயதில் நானும் எழுதவில்லை.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் போத்தலைக் கழுவுவது, பெயர் ஒட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கிருந்து அளந்தோம் என்று எழுதாமல் விடுவது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலாவெளி முதல் குச்சவெளி வரை கரையோரக் கிணறுகளை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்தோம். கிணற்றுக் கட்டின் விளிம்பில் நாடாவை வைத்துத் தண்ணீர் வரையுள்ள ஆழத்தை மட்டும் எழுதிவந்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வீடுகளில் கட்டைத் திருத்தி உயர்த்திக் கட்டினார்கள். அடுத்த சுற்றில் நான் புதிய விளிம்பிலிருந்து அளந்தேன். ஒரு கிணற்றில் கட்டு ஒரு முழம் உயர்ந்திருந்தது. என் கொப்பியில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது.

இந்தக் கரையில் அது சின்னப் பிழை இல்லை. மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் ஏறத்தாழ 2.5 வீதம் அடர்த்தி கூடியது. ஆகவே நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது கைபென், ஹெர்ஸ்பேர்க் இருவரின் பெயரில் வழங்கும் கணக்கு. ஒரு முழம், அதாவது ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர், பொய்யாக இறங்கினால் 18 மீற்றர் நல்ல தண்ணீர் காகிதத்தில் காணாமல் போகும். அளவுக்கு மிஞ்சி இறைக்கிறார்கள் என்று அறிக்கையில் எழுதுவார்கள். எங்கள் அறிக்கையிலும் அப்படி ஒரு வரி வந்தது. அதைக் கேள்விப்பட்ட தோட்டக்காரர் என்னைக் கூட்டிப்போய்க் கிணற்றைக் காட்டினார்.

"தண்ணி இறங்கல்ல தம்பி. கட்டுதான் உயர்ந்தது."

பழைய கட்டின் உயரம் யாரிடமும் இல்லை. அந்தக் கிணறுகளில் சுனாமிக்கு முன் எடுத்த அளவுகளை எல்லாம் ஒதுக்கிவைத்தோம். பெய்து போன மாரியைத் திரும்ப அளக்க ஏலாது. இன்றைக்கும் யாராவது வெறும் ஆழத்தை மட்டும் எழுதினால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கட்டின் உட்பக்கத்தில் பெயின்ரால் ஒரு கோடு போடுங்கள். கோடு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள், படமும் எடுங்கள். நிலமும் நம்பக்கூடியதல்ல, மணல் கொட்டி முற்றத்தை நிரவுவார்கள், கிணற்றடிக்குச் சீமெந்து போடுவார்கள். அதனால் அந்தக் கோடு கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று நிலஅளவையாளரைக் கொண்டு ஒரு முறை மட்டம் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் கூலி போகும். போகட்டும்.

இறைத்த கையோடு அளப்பது

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க விடியவே மெசின் போடுவார்கள். இறைத்த கையோடு கிணற்று மட்டம் இறங்கியிருக்கும். "கடைசியா எப்ப இறைச்சீங்க?" என்று கேட்காமல் நாடாவை இறக்க வேண்டாம்.

எல்லாப் போத்தலுக்கும் அமிலம் விடுவது

நைத்திரிக் அமிலம் உலோகப் பரிசோதனைக்கான போத்தலுக்கு மட்டும். உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றைப் பார்க்கும் போத்தலில் விட்டால் நீங்கள் ஊற்றிய அமிலத்தையே அளந்து வருவீர்கள்.

கன்னியாவைச் சராசரியில் சேர்ப்பது

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளுக்கு நீர் ஆழத்துப் பாறை வெடிப்புகளிலிருந்து சூட்டோடு ஏறிவருகிறது. கரை மணலின் தண்ணீர் மழைத் தண்ணீர். இரண்டையும் கூட்டி வகுத்தால் எந்த ஊருக்கும் பொருந்தாத எண் வரும். உப்பை மின்கடத்துதிறனால் பார்ப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: சூடு 1 பாகை கூடினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 வீதம் கூடும். மீற்றர் 25 பாகைக்குத் திருத்திக் காட்டுகிறதா என்று பாருங்கள். வெந்நீரை ஆறவிட்டு அளப்பது இன்னும் நல்லது.

முடிவைச் சொல்லாமல் போவது

இறக்கக்கண்டியில் ஒரு அம்மா என்னைப் படலையிலேயே நிறுத்தினார். "போன வருசமும் போத்தல்ல கொண்டு போனீங்க. என்ன வந்தது?" என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. மணல் நிலத்தில் போடும் உரம் நைத்திரேற்றாகச் சீக்கிரம் கிணற்றுக்குள் இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போன தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

அன்று பின்னேரமே அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடி, அவர் கிணற்றுத் தண்ணீரில் வந்த நைத்திரேற்று அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.