பேச்சிழந்த அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் விதம்

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. மூன்றாம் மாதம் பிசியோதெரபிக்குக் கையை நீட்ட மறுத்தார். வந்தவர்கள் எல்லாம் பிடிவாதம் என்றார்கள், நானும் நம்பினேன். ஒரு மாலை, தன் கைக்கடிகாரத்தை என் மகன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மூளையில் பட்ட அடியும் அதற்கு ஒரு காரணம். அதனால் "தைரியமாக இருங்கள்" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். கேளுங்கள். கேட்டால் சாகும் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நானும் பயந்தேன். அப்படி ஆவதில்லை.

டிவியை நிறுத்திவிட்டு, தனியாக, முகம் பார்த்து உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சிறு கேள்வி போதும். "அப்பா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" ஆம் என்றால் என் கையை அழுத்தச் சொன்னேன். பேச்சு பாதித்தவர்களுக்கு ஆம், இல்லை இரண்டும் மாறிப்போவதுண்டு. ஆகவே "வாழ ஆசை இருக்கிறதா?" என்று திருப்பியும் கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள், அப்பாவுக்கு வெகுநேரம் ஆனது.

முதல் கேள்விக்கு அவர் அழுத்தினார்.

அப்படி ஒரு பதில் வந்தால் திட்டாதீர்கள், சத்தியம் கேட்காதீர்கள், தனியாக விடாதீர்கள். கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தை அன்றிரவே என் தம்பி வீட்டைவிட்டு அப்புறப்படுத்தினான். மாத்திரைகளைப் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை நானே கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போனோம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேரும்போது ரத்தக்கசிவு அபாயம் கூடும். டாக்டர் பார்த்துத் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள். காரணமே இல்லாமல் திடீரென அழுது சட்டென்று நின்றுபோகிறதா? அது வேறு பாதிப்பாக இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு. சொல்ல மறக்காதீர்கள்.

அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருமுறை, அப்பா தூங்கிய பிறகு, எனக்காகவே அழைத்தேன்.