மூன்று பெயர், பத்து நிமிடம்: விசுவாசத்துக்கு வராதவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்குவது எப்படி

"ஆண்டவரே, எல்லாரையும் இரட்சியும்" என்ற ஒரு வரியோடு பலருடைய ஜெபம் முடிந்துவிடுகிறது. யாருக்காகக் கேட்டோம் என்று தெரியாததால் மறுநாள் தொடர ஒன்றும் இருக்காது. மட்டக்களப்பில் நமக்கு முகங்களுக்குப் பஞ்சமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிற மாமி, வேலை இடத்தில் பக்கத்து மேசையில் காத்தான்குடி முஸ்லிம் நண்பர், வீட்டுக்குள்ளேயே எதையும் நம்பாத தம்பி. ஆகவே பெயரிலிருந்து தொடங்குங்கள்.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். மூன்று பேரைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம். முப்பது பெயர் எழுதுகிறவர்கள் இரண்டு கிழமையில் பெயர்களை வாசிக்கத்தான் செய்வார்கள், ஜெபிக்கமாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் காண்கிறவர்களாக இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு பக்கம், மேலே பெயரும் திகதியும்.

முதல் வரியில், அவருக்காக நீங்கள் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஒரு காரியம். இது எழுத வராவிட்டால் அவர்மேல் மனதில் ஏதோ கோபம் கிடக்கிறது. முதலில் அதை ஆண்டவரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியில் இப்போது அவரை அழுத்துவது: கிளினிக் நாள், பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை, நுண்கடன் தவணை, கட்டாரிலிருந்து போன் எடுக்காத மகன். மூன்றாவதில் ஒரு வேத வசனம். அதற்குக் கீழே வெறுமையாக விடுங்கள், பிறகு தேவைப்படும்.

வசனத்தை அலங்காரத்துக்கு எழுதுவதில்லை. என்ன கேட்பது என்பதை அதுதான் காட்டித்தரும். அப்போஸ்தலர் 16:14-இல் பவுல் பேசினார், கேட்டுக்கொண்டிருந்த லீதியாள் என்ற பெண்ணின் இருதயத்தைத் திறந்ததோ கர்த்தர். எனவே நாம் கேட்கவேண்டியது இருதயம் திறக்கப்படுவது. 2 கொரிந்தியர் 4:4 மனக்கண் குருடாகியிருப்பதைச் சொல்கிறது, வெளிச்சம் கேளுங்கள். மத்தேயு 9:38 அறுப்புக்கு ஆட்களை அனுப்பும்படி வேண்டச் சொல்கிறது. அந்த ஆள் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். கொலோசெயர் 4:3, 4-இல் பவுல் தனக்குத்தான் ஜெபம் கேட்கிறார்: வாசல் திறக்கவும், பேசவேண்டிய விதமாய்ப் பேசவும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

ஆளுக்கு மூன்று நிமிடம், கடைசி ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது. மொத்தம் பத்து. விடியற்காலை நல்லது. பள்ளிவாசலின் சுபஹ் வாங்கு, அதாவது விடியற்காலைத் தொழுகை அழைப்பு, கேட்கிற ஊரில் இருந்தால் அதுவே எழுப்பிவிடும். அந்த நேரத்தில் தொழுகைக்கு எழும்பும் அயலவரை மரியாதையோடு நினைத்துக்கொள்ளவும் முடியும்.

ஜெபம் இப்படி இருக்கலாம்:

"ஆண்டவரே, மாமி மீன் குழம்பு தந்தனுப்பாத கிழமை இல்லை, அவவுக்காக நன்றி. செவ்வாய்க்கிழமை கிளினிக். சீனி குறைந்திருக்கட்டும், கனநேரம் வரிசையில் நிற்காமல் வரட்டும். லீதியாளுக்குச் செய்ததுபோல மாமியின் இருதயத்தையும் திறந்தருளும். அவ உம்மைப் பற்றிக் கேட்கிற நாளில் என் வாயில் பொறுமையான சொல் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

அடுக்கு மொழி தேவையில்லை. வீட்டில் பேசுகிற பேச்சே போதும்.

இனிப் பிழை விடுகிற இடங்கள். "குடியை விடவேண்டும், கோயிலுக்குப் போவதை நிறுத்தவேண்டும்" என்று கேட்டுக்கொண்டே போனால் ஜெபம் முறைப்பாடாகிவிடும். குடி நிற்கவேண்டும் என்று கேட்பது சரி, ஆனால் அவர் கிறிஸ்துவை அறியவேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். "ஒரு அடி விழுந்தால்தான் திருந்துவார்" என்று நோயையோ நட்டத்தையோ வேண்டவே கூடாது. 1 தீமோத்தேயு 2:1 எல்லா மனுஷருக்காகவும் ஸ்தோத்திரமும், அதாவது நன்றி சொல்லுதலும், பண்ணச் சொல்கிறது. அடியை விரும்பிக்கொண்டே நன்றி சொல்லமுடியாது.

ஜெபக்குழுவில் பெயரையும் வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுவது இன்னொன்று. புளியந்தீவில் சொன்னது கல்லடிப் பாலம் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? வட்ஸ்அப் குழுவில் போட்டால் அதுகூட வேண்டாம். "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று சொன்னால் போதும். ஆண்டவருக்குப் பெயர் தெரியும்.

உதவியையும் ஜெபத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு மதமாற்றம் சேர்ந்து வருகிறது என்ற குற்றச்சாட்டு இலங்கையில் பலமாக எழுந்தது. அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. அரிசி கொடுத்தால் அரிசியாகவே கொடுங்கள், சபைக்கு வருவாரா என்று பார்த்துக் கொடுக்காதீர்கள்.

நாட்கள் நீளும்போதுதான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மோனிக்கா தன் மகன் அகுஸ்தீனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தார். அகுஸ்தீன் மிலானில் ஞானஸ்நானம் பெற்றது 387-இல், 32 வயதில். இடையில் நெடுங்காலம் அந்தத் தாய் பார்த்தது மகன் விலகிப்போவதைத்தான். ஆகவே மூன்று மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டாவது வரியைப் புதுப்பியுங்கள். பரீட்சை முடிந்திருக்கும், கடன் தீர்ந்திருக்கும், வேறொன்று வந்திருக்கும். அதை அறிய அவரிடமே போய்க் கேட்கவேண்டும்: "மாமி, உங்களுக்காக ஜெபிக்கிறன், என்ன கேட்கட்டும்?" சொன்னால் வெறுமையாக விட்ட இடத்தில் அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். "வேண்டாம் மகன்" என்றால், "சரி மாமி" என்று சொல்லி, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த விடியலில் அந்தப் பக்கத்தைத் திறவுங்கள்.