போதுமென்ற மனதைப் பழக ஒரு நோட்டு

"மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதியபோது அவர் காவலில் இருந்தார். அந்த வசனத்தை வாசிக்கிற பலரும் "கற்றுக்கொண்டேன்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போதுமென்ற மனம் யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை. கைத்தொழில் மாதிரி பழகித்தான் வர வேண்டும். அதற்கு ஒரு நோட்டும், காலையில் 15 நிமிடமும், இரவில் 5 நிமிடமும் ஒதுக்குங்கள்.

காலையில்

முதலில் மன்னாவின் கணக்கு (யாத்திராகமம் 16). வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவுதான் மன்னா; ஓமர் என்பது அதை அளந்த அளவு. ஆளுக்கு ஒரு ஓமர், அதுவும் ஒரே நாளுக்கு. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாற்றமெடுத்தது. ஏழாம் நாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், அது கெடவில்லை. நோட்டுக்கும் இதே அளவுதான். தேதி போட்டு, இன்று இரவுக்குள் தீர வேண்டியதை மட்டும் எழுதுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம் போன்ற தவணைகளைக் கடைசிப் பக்கத்தில் அதனதன் தேதியோடு குறித்துவையுங்கள். அந்த நாள் வரும்போது முன்பக்கத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு நாளின் பட்டியல் ஐந்து வரியைத் தாண்டினால், பெரும்பாலும் அதில் நாளையது கலந்திருக்கும்.

அளவோடு எழுதுங்கள். "பணக் கஷ்டம்" என்று எழுதினால் அது பயம். "அம்மாவுக்குப் பத்து மாத்திரை, இன்று மாலைக்குள்" என்று எழுதினால் அது தேவை. பயத்துக்கு எல்லை இல்லாததால், கர்த்தர் பதில் கொடுத்தாலும் அது வந்து சேர்ந்தது நமக்குத் தெரியாது. "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிற ஆகூரின் ஜெபத்தில் (நீதிமொழிகள் 30:8) படி என்பதே ஓர் அளவுதான்.

பிறகு ஒவ்வொரு வரியையும் 1 தீமோத்தேயு 6:8-இல் வைத்துப் பாருங்கள்: உண்ணவும் உடுக்கவும் தேவையானதா? மருந்து, தங்குமிடம், கொடுத்த வாக்கு, கட்ட வேண்டிய கடன் ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மீதி எல்லாம் ஆசை. ஆசைப்படுவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தனிப் பக்கத்தில் எழுதி 30 நாள் விட்டுவையுங்கள். பல தானாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்த கேள்வியை எலிசா தீர்க்கதரிசி கேட்டுவைத்திருக்கிறார். கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துப்போக வந்த நிலையில் நின்ற விதவையிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார் (2 இராஜாக்கள் 4). ஒரு குடம் எண்ணெய் இருந்தது; அதுவே பாத்திரங்கள் நிறையப் பெருகியது. இல்லாததைப் பட்டியலிட்ட கையோடு, இருப்பதையும் எழுதுங்கள்: மிச்சமுள்ள பொருள், தெரிந்த வேலை, உதவக்கூடிய ஆள். அற்புதம் முடிந்தபின் எலிசா சொன்ன வரிசையையும் கவனியுங்கள். எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்த்து, மீந்ததில் ஜீவனம்பண்ணச் சொன்னார். வீட்டுக் கணக்குக்கு இதைவிடத் தெளிவான வரிசை கிடைப்பது கடினம்.

இப்போது ஜெபம். பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு நன்றி என்று வையுங்கள். "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாக முடித்துவிடாமல், நேற்று வந்த ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். கடைசியாக, ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்று உங்கள் கையால் ஆகக்கூடிய ஒரு காரியத்தை எழுதுங்கள்: ஒரு போன், ஒரு விண்ணப்பப் படிவம், ஒரு வேலை. அதைச் செய்துவிட்டால் அன்றைக்கு உங்கள் பங்கு முடிந்தது.

இரவில்

வரிக்குப் பக்கத்தில் நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: வந்தது, வேறு விதமாய் வந்தது, தேவையே இல்லாமல் போனது, இன்னும் இல்லை. "இன்னும் இல்லை" என்பதை மறைக்காதீர்கள். பவுலே குறைவுபட்டதையும் பட்டினியிருந்ததையும் ஒளிக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் நோட்டைத் திறக்க வேண்டாம்; ஆறாம் நாளின் இரண்டு ஓமர் அதற்காகத்தான்.

எங்கே தவறிப்போகும்

சேமிப்பை அவிசுவாசம் என்று நினைப்பது முதல் தவறு. எகிப்தில் யோசேப்பு, வரப்போகிற பஞ்சத்துக்காக ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தது தேவன் காட்டிய வழியில்தான். மன்னாவைப் பதுக்கியவர்களோ நாளைக்கும் மன்னா விழும் என்பதை நம்பவில்லை. "இந்தப் பணம் இல்லாவிட்டால் தேவன் என்னைக் கைவிட்டார் என்று நினைப்பேனா?" என்று கேட்டுப்பாருங்கள், ஆம் என்றால் அந்தச் சேமிப்பு மன்னாப் பாத்திரமாகிவிட்டது.

விசுவாசத்தில் வாங்குகிறேன் என்று கடனில் வாங்குவது அடுத்த தவறு. பிரிஸ்டலில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், ஆட்களிடம் பணம் கேட்காமல் தேவனிடம் மட்டும் கேட்பது என்று தீர்மானித்திருந்தார். அதே மனிதர் கடன் வாங்க மறுத்தார். வரவு செலவைத் துல்லியமாக எழுதி, ஆண்டறிக்கையாக வெளியிட்டார். விசுவாசமும் கணக்குப் புத்தகமும் சேர்ந்தே போகும்.

யாரிடமும் சொல்லாமல் இருப்பதைப் பக்தி என்று நினைப்பவர்களும் உண்டு. முல்லரின் தீர்மானம் அவருடைய ஊழியத்துக்கு உரியது, எல்லாருக்கும் கட்டளை ஆகாது. பவுலின் குறைச்சலை நீக்கியது பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவி. தேவை மூன்று நாளாக "இன்னும் இல்லை" என்றே நின்றால், போதகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ அளவையும் தேதியையும் சொல்லுங்கள். தூக்கம், சாப்பாடு கெடுமளவுக்குக் கவலை நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இந்த நோட்டு உங்களுக்கு. பசியோடு வந்தவரின் கையில் திணிப்பதற்கு அல்ல. "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வெறும் வாயால் அனுப்புகிறவனிடம், அதனால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு 2:16 கேட்கிறது. கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலைக்காரனுக்குப் போதுமென்ற மனதைப் போதிக்கிற முதலாளிக்கு, பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லும் அதே நிருபத்தின் 5:4 இருக்கிறது.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, "வந்தது", "வேறு விதமாய் வந்தது" இரண்டையும் எண்ணுங்கள். மிச்சம் ஏதாவது இருந்தால், "மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை" என்ற மன்னா வசனத்தைப் பவுல் 2 கொரிந்தியர் 8:15-இல் எதற்காக எடுத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். பிறகு அடுத்த மாதத்தின் முதல் பக்கத்தில், உங்கள் தேவைக்கு மேலே, இன்னொருவரின் தேவையை அளவோடும் தேதியோடும் எழுதுங்கள்.